கார்பகால்: பித்தமும் பாவையும்

மொரீசியசில், மோக்கா ஊரில், பாரதியார் பெயர் தாங்கிய கண் மருத்துவமனை உண்டு. ஆனாலும் இந்தத் தீவில் மருத்துவரும் நோயாளியும் பெரும்பாலும் கிரியோலிலும் பிரெஞ்சிலும்தான் பேசிக்கொள்கிறார்கள். கண்புரை அறுவை முடிந்து வீடு திரும்பிய என் பெரியம்மா, தன் சீட்டில் இருந்த 'கார்பகால்' என்றால் என்ன என்று தமிழில் கேட்டார்.

கண்ணின் நடுவே ஒளி புகும் கருந்துளையான கண்மணியைச் சுருக்கும் மருந்து அது. பெயர் 'கார்பமைல்கோலின்' என்பதன் சுருக்கம். முன்பாதி கார்பாமிக் அமிலத்திலிருந்து வந்தது. பின்பாதியான கோலின், 1862இல் ஜெர்மன் வேதியியலர் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் பித்தநீரிலிருந்து பிரித்த பொருளுக்கு இட்ட பெயர். கிரேக்கத்தில் 'கோலே' என்றால் பித்தம். எல்லோரும் அஞ்சும் கொலஸ்ட்ராலிலும் அதே பித்தம்தான் ஒளிந்திருக்கிறது.

கார்பகாலை மஸ்கரினிக் வகை மருந்து என்பார்கள். லத்தீனில் 'மஸ்கா' என்றால் ஈ. ஐரோப்பாவில் பாலில் ஊறவைத்து ஈக்களைக் கொல்லப் பயன்பட்ட காளானிலிருந்து 1869இல் மஸ்கரின் எடுக்கப்பட்டது. உடல் செல்களில் வேதிச் செய்திகளை வாங்கும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். மஸ்கரின் தூண்டும் ஏற்பிகளைக் கார்பகாலும் தூண்டுகிறது, உறவு அவ்வளவே. மருந்தில் காளான் இல்லை. அதனால் 'ஈக்காளான் மருந்து' என்று பெயர்த்தால் பொருள் தவறும், நோயாளியும் பயந்துபோவார்.

செயற்கை லென்ஸைப் பொருத்தியபின், 0.01 விழுக்காட்டுக் கரைசலை அரை மில்லிலிட்டருக்கு மிகாமல் கண்ணின் முன்னறைக்குள் செலுத்துவார்கள். சுருக்குத்தசை இறுகி, 2 முதல் 5 நிமிடத்தில் கண்மணி நன்றாகச் சிறுத்துவிடும். உடம்பிலேயே சுரக்கும் அசெட்டைல்கோலினும் இதைச் செய்யும். ஆனால் கோலினெஸ்டரேஸ் நொதி அதை உடனுக்குடன் சிதைத்துவிடும். கார்பகாலிடம் அந்த நொதியின் வேலை எளிதில் நடக்காது. அதனால் பலன் ஒரு நாள் வரைகூட நிற்கும். அறுவைக்குப் பின் ஏறும் கண் அழுத்தமும் தணியும். சிறுத்த கண்மணி வழியே ஒளி குறைவாகப் போவதால், பொழுது சாய்ந்ததும் எல்லாம் மங்கலாகத் தெரியும். பெரியம்மாவின் கவலையும் அதுதான்.

தமிழில் என்ன சொல்வது? கண்மணிக்குள் எதிரே நிற்பவர் சிறு பொம்மையாகத் தெரிவார். அந்தப் பொம்மையைத்தான் 1123ஆம் குறள் 'கருமணியிற் பாவாய்' என்று அழைக்கிறது. வியப்பு என்னவென்றால், கண்மணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலமான லத்தீன் 'புப்பில்லா'வும் சின்னப் பொம்மைதான்! கையில் இப்படியொரு சொல் இருக்க, கண்மணியைச் சுருக்கும் மருந்து வகையை 'மியோட்டிக்' என்று சொல்லி நாம் ஏன் தடுமாற வேண்டும்? மருந்தின் தனிப்பெயர் கார்பகால் என்றே இருக்கட்டும். அதன் வகைக்குப் 'பாவைச்சுருக்கி' என்பேன். அறுவைக்கு முன் கண்மணியை அகலமாக்க விடும் சொட்டு 'பாவைவிரிப்பி'.