வெளிநாட்டுப் பயணம்: பக்கத்துத் தெரு ஏஜென்டை எப்போது நாடலாம், அவரிடம் என்ன கேட்கலாம்?

என் டிராவல் ஏஜென்சி கவுன்டருக்கு எதிரே வந்து உட்காருபவர்கள் முதலில் கேட்பது டிக்கெட் விலையைத்தான். நான் முதலில் கேட்பது பாஸ்போர்ட்டை. கையில் வாங்கியதும் காலாவதித் தேதியைப் பார்ப்பேன், அப்புறம் காலிப் பக்கங்கள் எத்தனை என்று புரட்டுவேன். போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் கணக்கு வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்ல வேண்டும், உள்ளே நுழையும்போது பாஸ்போர்ட் வழங்கி பத்து ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டு, விமான நிலையம் வரை போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு.

இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சிக்கல், விமானத்திலும் இல்லை, ஹோட்டலிலும் இல்லை. ஒரு புக்கிங்கும் இன்னொரு புக்கிங்கும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது.

ஒருமுறை வயதான அம்மா ஒருவர் டிக்கெட்டைப் பிரின்ட் எடுக்க வந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மூன்று நாளில் கிளம்புகிறார். மகன் ஆன்லைனில் தேடித் தேடிக் குறைந்த விலையில் போட்டுக் கொடுத்திருந்தார். பிரின்ட் எடுத்துப் பார்த்தால் இரண்டு டிக்கெட், இரண்டு விமான நிறுவனம், இரண்டு பி.என்.ஆர். (புக்கிங் எண்). "நடுவுல நாலு மணி நேரம் இருக்கே தம்பி, போதாதா?" என்றார். நேரம் போதும். ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால், முதல் விமானத்தில் போடும் பெட்டி கடைசி ஊர் வரை போகாது. இடையில் இறங்கி, இமிக்ரேஷனைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். இமிக்ரேஷனைத் தாண்ட அந்த நாட்டு விசா வேண்டும். அவரிடம் மகள் இருக்கும் நாட்டு விசா மட்டுமே இருந்தது.

அன்று சாயங்காலமே ஒரே டிக்கெட்டாக வேறு போட்டோம். பழைய டிக்கெட்டுகளில் பெரும்பகுதிப் பணம் கேன்சலேஷனில் போய்விட்டது. கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு போச்சுன்னு மகன்கிட்ட சொல்லிடாதீங்க, வருத்தப்படுவான்" என்றார். அந்த மகன் மேல் எனக்குக் கோபமில்லை. அக்கறையோடு செய்ததுதான். அவர் பார்த்த பக்கத்தில் விலையும் நேரமும் இருந்தன, விசா பற்றி ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

டிரான்சிட், அதாவது நடுவழியில் விமானம் மாறும் விஷயத்தில் இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விமானம் மாற மட்டும் இறங்கினாலும் இமிக்ரேஷனைத் தாண்டியே ஆக வேண்டும். விசா தேவைப்படும் நாட்டவர் என்றால், இரண்டு மணி நேர மாற்றத்துக்கும் விசா வேண்டும். இரண்டாவது, ஷெங்கன் பகுதிக்குள் இரண்டு இடத்தில் மாறுவது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, மாட்ரிட் போய், அங்கிருந்து தென் அமெரிக்கா என்று ஒரு மலிவான வழி திரையில் வரும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மாட்ரிட் போவது உள்நாட்டு விமானம் ஏறுவது மாதிரிதான், அதனால் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே இமிக்ரேஷன் முடிந்துவிடும். ஷெங்கன் விசா தேவைப்படுபவர் அது இல்லாமல் அந்த வழியில் போக முடியாது. செக்-இன் கவுன்டரில் இருப்பவர் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் ஏற்றலாமா என்று முடிவு செய்கிறார். ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றினால் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். அங்கே கெஞ்சிப் பயனில்லை.

எல்லாப் பயணத்துக்கும் ஏஜென்ட் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஊர், நேரடி விமானம், ஏற்கெனவே போய்வந்த நாடு என்றால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். மூன்று நாடு, வயதானவர்கள், கைக்குழந்தை, முதல்முறை விசா, இப்படி ஏதாவது சேரும்போது தெரிந்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

அவர் எந்த ஏஜென்ட் என்பதும் முக்கியம். எல்லா நாட்டுக்கும் அனுப்புகிறோம் என்று பலகை வைத்திருப்பவரைவிட, நீங்கள் போக நினைக்கும் பகுதிக்கு அடிக்கடி ஆள் அனுப்புபவரைத் தேடுங்கள். கண்டுபிடிப்பது எளிது. உங்கள் தேதியைச் சொல்லிவிட்டு அவர் என்ன திருப்பிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். பாரிஸில் ஒரே ஒரு நாள், அதுவும் செவ்வாய்க்கிழமை என்றால், லூவர் அருங்காட்சியகம் அன்று விடுமுறை என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும். பெருவில் பிப்ரவரி என்றால், இன்கா மலைப்பாதை பராமரிப்புக்காக அந்த மாதம் முழுக்க மூடியிருக்கும் என்று சொல்ல வேண்டும். ஜப்பானுக்கு ஏப்ரல் கடைசி வாரம் என்றால், அது அங்கே தொடர் விடுமுறைக் காலம், ரயிலும் அறையும் கிடைப்பது கஷ்டம் என்று எச்சரிக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும் நாடு என்றால், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும் என்பதை டிக்கெட் போடுவதற்கு முன்பே சொல்பவர்தான் விஷயம் தெரிந்தவர்.

விசா கையில் வந்தபின் பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். ஷெங்கன் ஸ்டிக்கரில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு வரி இருக்கும். தங்கக்கூடிய நாட்கள் எத்தனை என்று தனியாக ஓர் எண் இருக்கும். தேதிகளுக்கு நடுவே முப்பது நாள் இருந்தாலும், அந்த எண் 15 என்றால் பதினைந்து நாள்தான் தங்கலாம். உள்ளே போகும் நாளும் வெளியே வரும் நாளும் கணக்கில் சேரும். ஸ்டிக்கரை ஏஜென்டோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிட்டுப் போங்கள்.

சரி, பணம் கொடுக்கும் முன் சில விஷயங்கள். "விசா கியாரண்டி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விசா கொடுப்பது தூதரகம், எங்கள் கையில் எதுவும் இல்லை. வங்கிக் கணக்கையோ வேலைக் கடிதத்தையோ "கொஞ்சம் அழகுபடுத்தலாம்" என்பவர் உங்கள் பெயரில் பொய் எழுதுகிறார், மாட்டினால் தடை உங்களுக்குத்தான் வரும். விண்ணப்பத்தை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு, கேன்சல் செய்தால் விமான நிறுவனம் பிடிப்பது எவ்வளவு, ஏஜென்சி பிடிப்பது எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். நேர்மையாக வேலை செய்பவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொன்று, பி.என்.ஆர். கையில் இருந்தாலே டிக்கெட் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அது இடம் பிடித்து வைத்ததற்கான அடையாளம்தான். கெடுவுக்குள் டிக்கெட் போடவில்லையென்றால் தானாகவே ரத்தாகிவிடும். டிக்கெட்டுக்கென்று 13 இலக்க எண் தனியாக உண்டு. அதைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

அப்படியே, ராத்திரி இரண்டு மணிக்கு விமானம் ரத்தானால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று கேளுங்கள். கொடுத்த எண்ணுக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம், அலுவலக நேரம் முடிந்தபின் ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள்.