ஆஸ்திரேலியாவில் எந்த ஊருக்குப் போகிறீர்கள்?

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்தில் நர்சிங் படித்த பிள்ளைகள் முன்பெல்லாம் வளைகுடாவுக்குப் போனார்கள். இப்போது நிறையப் பேர் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் குழந்தை பிறக்கும் நேரத்தில் இங்கிருந்து அம்மாவும் அப்பாவும் கிளம்புகிறார்கள். பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குடும்ப மருத்துவரான என்னிடம் வந்து, "டாக்டரே, ஆஸ்திரேலியாவுக்குப் போறோம். மாத்திரை எழுதித் தாங்க" என்பார்கள். எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை. மகளுக்குத் தெரியும் என்பார்கள்.

மகளுக்குத் தெரிந்தால் போதாது. ஆஸ்திரேலியா ஒரே மாதிரியான ஒரு நாடு அல்ல. போகும் ஊரையும் மாதத்தையும் வைத்துத்தான் உடை, மருந்து, உணவு, எச்சரிக்கை எல்லாமே மாறும்.

முதலில் அளவைச் சொல்கிறேன். இந்தியாவின் பரப்பு சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியா சுமார் 77 லட்சம். அதில் வாழ்பவர்களோ ஏறக்குறைய 2.7 கோடிப் பேர்தான்; தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. நம்மூர் வழியாகச் சொன்னால், கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்த்திலிருந்து சிட்னிக்குக் காரில் போனால் ஏறக்குறைய அவ்வளவு தூரம். நடுவே நல்லார்பார் சமவெளியில் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத சாலை இருக்கிறது. மகன் பெர்த்தில், தம்பி மகள் சிட்னியில் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. விமானத்திலேயே நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும்.

கடிகாரமும் ஒன்றல்ல. பெர்த் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மெல்போர்னும் சிட்னியும் நாலரை மணி நேரம் முன்னால். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறுவரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் அது ஐந்தரை மணி நேரமாகும். பெர்த்திலும் பிரிஸ்பேனிலும் அப்படித் தள்ளுவதில்லை. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. கிழக்கு நோக்கிப் பறக்கும்போது பகல் சுருங்குகிறது. வழக்கமான அளவை வழக்கமான இடைவெளியில் போட்டால் கணக்கு இடிக்கும். பயண நாளுக்கான அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

பருவங்கள் தலைகீழ். இங்கே இடவப்பாதி மழை பெய்யும் ஜூன், ஜூலையில் மெல்போர்னில் நல்ல குளிர்காலம். பகலில் 14 டிகிரி, விடியற்காலையில் 6, 7 டிகிரி. அதே ஜூலையில் வடக்கே டார்வினில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும், மழையே இருக்காது. 'ஆஸ்திரேலியா குளிரா, சூடா?' என்ற கேள்விக்கு அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. மூட்டுவலி, ஆஸ்துமா உள்ளவர்கள் மெல்போர்ன் குளிர்காலத்தைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கம்பளி உள்ளாடை, சாக்ஸ், தொப்பி முதல் நாளிலிருந்தே தேவை.

வருகிறவர்கள் அதிகம் பயப்படுவது பாம்புக்கு. உலகின் கொடிய விஷப் பாம்புகள் பல அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே பாம்புக் கடியால் இறப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு, மூன்று பேர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான ஆய்வின்படி ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர். இங்கே ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால் வெட்டப் போகிறவருக்கு இருக்கும் ஆபத்து, மெல்போர்ன் புறநகரில் தொட்டிலாட்டும் பாட்டிக்கு இல்லை. முதலைகள் வெப்பமண்டல வடபகுதியில்தான்.

பயப்பட வேண்டியவை வேறு. ஒன்று கடல். நம் முட்டம், தேங்காப்பட்டணம் மீனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த, கரையிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம்தான் அங்கேயும் உயிரை வாங்குகிறது. சுறாவைவிட அதிகம் பேரைக் கொல்வது அதுதான். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். அங்கேதான் உயிர்காப்பாளர்கள் கண் வைத்திருப்பார்கள். கொடி இல்லாத கடற்கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இழுத்துப் போனால் எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

இன்னொன்றை இங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2016 நவம்பர் 21ஆம் தேதி மாலை மெல்போர்னில் ஒரு இடிமழை வந்தது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். புல்லின் மகரந்தத் துகள்கள் மழைமேகத்தின் ஈரத்தில் வெடித்து நுண்துகள்களாகி, காற்றோடு கீழே இறங்கி நுரையீரலின் ஆழம்வரை போனதே காரணம். அதுவரை ஆஸ்துமாவே இல்லாமல், தும்மலும் மூக்கொழுகலும் மட்டும் இருந்தவர்களும் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் கணிசம். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மெல்போர்ன் பக்கம் போகிற, மூச்சிளைப்போ ஒவ்வாமையோ உள்ள எவரையும் நான் இன்ஹேலர் இல்லாமல் அனுப்புவதில்லை. இடிமழை எச்சரிக்கை வந்தால் கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருங்கள்.

இனி மருந்து. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுவரைதான் கொண்டுபோகலாம். ஆறு மாதம் தங்கப் போகிறவர்கள் மீதிக்கு அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து எழுதி வாங்க வேண்டும். மாத்திரைகள் கடை அட்டையிலேயே இருக்க வேண்டும். பிரித்து டப்பாவில் போட்டுவைக்கும் நம் வழக்கம் இந்தப் பயணத்துக்கு ஆகாது. மருந்துச்சீட்டும், ஆங்கிலத்தில் ஒரு டாக்டர் கடிதமும் கூடவே இருக்கட்டும். கடிதத்தில் பிராண்டு பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராமும் வேண்டும். நம்மூர் பிராண்டுகள் அங்கே யாருக்கும் தெரியாது. சர்க்கரைக்கு இங்கே தாராளமாக எழுதப்படும் வோக்லிபோஸ் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை அங்கே கிடைக்காது. வலிக்கு வாங்கும் நிமிசுலைடும் கிடையாது. அப்படிப்பட்ட மாத்திரையில் இருப்பவர்களுக்கு, கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே அங்கே கிடைக்கும் மருந்துக்கு மாற்றி, சர்க்கரை கட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிட விரும்புகிறேன். கடைசி வாரத்தில் வந்தால் அதற்கு நேரம் இருக்காது.

தூக்க மாத்திரை, டிரமடால், கோடின் கலந்த மருந்து இருந்தால் விமானத்தில் தரும் அட்டையில் 'ஆம்' என்று குறித்து, கடிதத்தோடு காட்டுங்கள். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கஷாயமும் அரிஷ்டமும் லேகியமும் உண்டு. அவற்றில் செடியும் நெய்யும் தேனும் இருப்பதால் சோதனையில் நிற்கும். சில ஆயுர்வேத மருந்துகளில் ஈயம் இருப்பதாக அங்கத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிஏ எச்சரித்தும் இருக்கிறது. பிரசவித்த மகளுக்கு என்று லேகியம் கொண்டுபோகிற அம்மாக்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது, பால் கொடுக்கும் தாய்க்கு அங்கே பார்க்கும் டாக்டருக்குத் தெரியாமல் எதையும் கொடுக்காதீர்கள் என்பதுதான்.

பெட்டியில் வைக்கும் தின்பண்டத்தில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். தனித்தீவாக இருப்பதால் பல பயிர், கால்நடை நோய்கள் அந்நாட்டுக்குள் வரவே இல்லை. கோமாரி நோய் கடைசியாக அங்கே வந்தது 1872இல். அந்தக் காவலை அவர்கள் விடுவதாக இல்லை. பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் ஒரு நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வளரும். ஏத்தன் பழம், சக்கை என்கிற பலா, மரச்சீனிக் கிழங்கு எதுவும் கூடாது. தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டுக்குப் பயந்து அரிசி, துவரம்பருப்பு, முழுச் சீரகம், முழுக் கொத்தமல்லி, வற்றல் மிளகாய் எல்லாவற்றையும் பயணிகள் பெட்டியில் கொண்டுவரத் தடை போட்டிருக்கிறார்கள். அம்மாக்கள் பெட்டியில் முதலில் வைப்பது இவற்றைத்தான்! பால் சேர்ந்த இனிப்பும் வேண்டாம். முந்திரிக்கொத்து, அச்சப்பம், ஏத்தன்காய் வற்றல் போன்ற வறுத்து வேகவைத்தவை பொதுவாகத் தப்பும், ஆனால் அதிகாரியிடம் காட்டியாக வேண்டும்.

மார்த்தாண்டம் தேனுக்குத் தனியாக ஒரு வரி. பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பயணிகள் தேன் கொண்டுபோகக் கூடாது. சிட்னியில் வாங்கிய தேனுக்கும் அதே தடைதான். ஒரே நாட்டுக்குள் மாநில எல்லையில் பழத்தையும் தேனையும் சோதிப்பார்கள் என்பது, கேரள எல்லையான களியக்காவிளையைத் தினமும் பஸ்ஸில் கடக்கிற நமக்குச் சட்டென்று விளங்காது.

விதி இதுதான்: சந்தேகமாக இருந்தால் 'ஆம்' என்று குறியுங்கள். அறிவித்துவிட்ட பொருளை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அபராதம் இல்லை. மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம். விசாவையே ரத்து செய்து திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

மருத்துவச் செலவைப் பற்றிப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். அங்கத்திய அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர், இந்தியாவிலிருந்து வரும் பார்வையாளருக்குக் கிடையாது. ஆம்புலன்ஸும் நம் 108 போல இலவசம் அல்ல. வந்தால் அதற்கே பெரிய கட்டணம். ஏற்கெனவே உள்ள இதயநோய், சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதி, அவற்றுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். மறைத்து எடுத்த பாலிசி தேவைப்படும் நாளில் கைகொடுக்காது. மருந்துக் கடையில் போய் 'நாலு ஆன்டிபயாடிக்' என்று கேட்டால் கிடைக்காது. நேராக இதய நிபுணரைப் பார்க்கவும் முடியாது. முதலில் ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர், அவர் எழுதிக் கொடுத்தால்தான் நிபுணர்.

விமானம் பற்றிச் சுருக்கமாக. இன்சுலினும் அன்றாட மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும். சரக்குப் பகுதியின் குளிரில் இன்சுலின் உறைந்து கெடலாம். மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, கணுக்காலை அசைத்துக்கொண்டிருந்தால் காலில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு குறையும்.

அந்த மண்ணின் முதல் மக்களைப் பற்றியும் தெரிந்துகொண்டு போங்கள். 65,000 ஆண்டுகள் வரை பழைமையான தடயங்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. நாம் குடியரசு தினம் கொண்டாடும் அதே ஜனவரி 26இல்தான், 1788இல், இங்கிலாந்துக் குடியேறிகள் சிட்னி துறையில் கொடி ஏற்றினார்கள். அங்கே அது தேசிய விடுமுறை. பூர்வகுடிகள் பலருக்கோ துக்க நாள். அவர்களுக்குப் புனிதமான உலுரு பாறையில் ஏறுவது 2019 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. கூட்டங்களின் தொடக்கத்தில் அந்நிலத்துக்கு உரிய மக்களை நினைவுகூர்ந்து பேசுவார்கள். அப்போது அமைதியாக நின்று கேளுங்கள்.

கடைசியாக, திரும்பி வந்தவர்களிடம் நான் அதிகம் கேட்ட குறை, தனிமை. மகளும் மருமகனும் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. டீக்கடை, முக்கு, பக்கத்து வீட்டுத் திண்ணை எதுவும் கிடையாது. கார் ஓட்டாதவருக்கு வீடே எல்லையாகிவிடும். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, மனச்சோர்வோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போகும் முன்பே பிள்ளையிடம் வீட்டு வாசலிலிருந்து பூங்கா, நூலகம், கடை வரை நடந்தபடி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போன முதல் வாரத்திலேயே பஸ், ரயில் அட்டை வாங்கி, கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கச் சொல்லுங்கள். மெல்போர்னில் அதன் பெயர் மைகி, சிட்னியில் ஓபல், பெர்த்தில் ஸ்மார்ட்ரைடர். 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 95,000 பேருக்கு மேல். கோயிலோ தமிழ்த் தேவாலயமோ எவ்வளவு தூரம் என்று இப்போதே கேளுங்கள்.

பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காரில் போகக் கூடாது. ஏழு வயதுவரை அதற்கான இருக்கையில்தான். தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், குப்புறப் போடக் கூடாது. இது திடீர்ச் சிசு மரணத்தின் ஆபத்தைக் குறைக்கும் வழி என்று உறுதியானது, மகள் சொல்லும்போது தட்டாதீர்கள்.

வீட்டில் தனியாக இருக்கும்போது நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் 000 என்று மூன்று பூஜ்யம் அழுத்துங்கள். 'ஆம்புலன்ஸ்' என்று சொல்லுங்கள். அப்புறம் 'தமிழ்' என்று சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் காத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அவசரமில்லாத விஷயத்துக்கு அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண் 131 450. இரண்டு எண்களையும் வீட்டு முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.