மூலக்கூறு ஒன்று, படிகம் எத்தனை?

ரிட்டோனாவிர் கதை தெரியாமல் மருந்துப் படிக வேலைக்கு வருபவர்கள் குறைவு. 1996-ல் சந்தைக்கு வந்த எச்ஐவி மருந்து அது. 1998-ல் அதன் காப்ஸ்யூல்கள் கரைதல் சோதனையில் தோற்கத் தொடங்கின. மூலக்கூறு அதேதான், ஆனால் வேறு மாதிரி அடுக்கிக்கொண்ட, கரைய அடம்பிடிக்கும் புதுப் படிகம் உள்ளே முளைத்திருந்தது. காப்ஸ்யூலையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அப்படிப்பட்ட வடிவத்தை முன்கூட்டியே தேடிப் பிடிக்கத்தான் ஸ்கிரீனிங். சிக்கல் என்னவென்றால், ஆரம்பக் கட்டத்தில் கையில் இருப்பதே சில மில்லிகிராம் தூள், குப்பி குப்பியாகச் செய்தால் பத்து முயற்சிக்குள் தீர்ந்துவிடும். அதனால்தான் குப்பிக்குப் பதில் நுண்துளிகளில் படிகமாக்கிப் பார்க்கிறோம். துளி 50 நானோலிட்டர் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 20,000 துளி. ஒவ்வொன்றுக்கும் சில மைக்ரோகிராம் மருந்து போதும். 96 குழித் தட்டில் ரோபோ கரைசலை எண்ணெய்க்குள் துளியாகச் செலுத்துகிறது, கரைப்பான் எண்ணெய் வழியே மெல்லக் கசியக் கசியத் துளி செறிவாகிப் படிகம் விடுகிறது.

தூள் மிச்சமாவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. குப்பியில் முதலில் விழும் படிகமே மற்ற எல்லாவற்றுக்கும் விதையாகிவிடும். துளிகளோ தனித்தனி அறைகள், பக்கத்து அறையில் நடப்பது இங்கே எட்டாது, அதனால் நிலைப்புக் குறைந்த வடிவங்களும் தப்பிப் பிழைக்கின்றன. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிக நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகளாலேயே பெயர் வாங்கிய ராய் (ROY) என்ற சேர்மத்தைப் பல ஆண்டுகளாகத் தோண்டியிருந்தார்கள். அதிலேயே 2020-ல் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு எண்ணெய்த் துளி முறையில் இன்னொரு வடிவத்தைப் பிடித்தது.

சரி, அதற்காக “தட்டு முழுக்கப் பார்த்தாயிற்று, இனி வேறு வடிவம் கிடையாது” என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். பல துளிகள் படிகமே விடாமல் கூழாகக் கிடக்கும், அவை எதையும் நிரூபிப்பதில்லை. நானே ஒருமுறை நுண்ணோக்கியில் மின்னிய அழகான ஊசிகளைப் புது வடிவம் என்று குதித்திருக்கிறேன். எண்ணெயிலிருந்து எடுத்து உலர்த்தியதும் வெளிறிப் பொடியாகிவிட்டன. கரைப்பானையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட சால்வேட் அது.

எது நிலையானது என்பதைத் துளி சொல்லாது. கிடைத்த வடிவங்களை ஒன்றாகக் கொஞ்சம் கரைப்பானில் போட்டு, ஒரே வெப்பநிலையில் நாள்கணக்கில் கலக்கி, எது எதைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு மில்லிகிராம் கணக்கில் தூள் வேண்டும், துளியில் மிச்சம் பிடித்ததை முதலில் இதற்கு ஒதுக்கி வையுங்கள்.