வழித்தோன்றல்: 'டெஸென்டன்ட் புராசஸ்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைப் புராசஸ் என்கிறோம். அது தொடங்கிவைத்த புராசஸ்கள், அவை தொடங்கிவைத்தவை எல்லாம் அதன் டெஸென்டன்ட்கள். இந்த 'டெஸென்டன்ட் புராசஸ்' என்பதைச் சிலர் 'சேய்ச் செயல்முறை' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அது பொருந்தாது. சேய் என்றால் நேர்ப்பிள்ளை மட்டும்தான். டெஸென்டன்ட் என்பதில் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் எல்லாரும் அடக்கம்.

இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது ஒரு வீடியோ மாற்றும் வேலையில். ஒவ்வொரு புராசஸுக்கும் ஓர் எண் உண்டு. நான் கட்டளைகளைத் தட்டிய ஷெல்லின் எண் 4120. அதில் ஓட்டிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு, 4388. அது கிளப்பிய பைதான் 4391, பைதான் கிளப்பிய, வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் 4402. பிள்ளைகளைத் தேடும் 'பீகிரெப் -பி 4120' கட்டளையைக் கொடுத்தால் வந்தது 4388 மட்டும். சரி, இதுதானே என்று அதை நிறுத்த 'கில்' கட்டளை கொடுத்தேன். மடிக்கணினியின் விசிறி நிற்கவே இல்லை. 4402 பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டது பிள்ளையை, எனக்கு வேண்டியிருந்ததோ கால்வழி முழுவதும்.

டெஸென்டன்ட் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'டெ' என்றால் கீழே, 'ஸ்காண்டெரே' என்றால் ஏறுதல். சேர்த்தால் இறங்குதல். முன்னோரிடமிருந்து இறங்கி வந்தவர் என்று அந்த மொழிகள் பார்க்கின்றன. வடமொழி 'வம்சம்' மூங்கிலைக் குறிக்கும் சொல். கணுக்கணுவாக நீள்வதால் குலத்துக்கும் ஆனது. தமிழ் பெரும்பாலும் முளைப்பதாகவும் படர்வதாகவும் பார்க்கிறது: கான்முளை, கொடிவழி, வழித்தோன்றல். தோன்றல் என்ற சொல்லுக்கே மகன் என்ற பொருள் உண்டு. கான்முளை அழகான சொல், ஆனால் இன்று படிப்பவருக்கு அகராதி தேவைப்படும். வழித்தோன்றல் எல்லாருக்கும் புரியும். 'வழி' என்ற பகுதி இங்கே கூடுதலாக ஒரு வேலையும் செய்கிறது, ஏனென்றால் வழித்தோன்றல்களைத் தேடும் ஸ்கிரிப்ட் பிடித்துக்கொண்டு போவதும் ஒரு வழியைத்தான்.

லினக்ஸில் ஒவ்வொரு புராசஸும் தன் எண்ணையும் தாயின் எண்ணையும் வைத்திருக்கும். பிள்ளைகளின் எண்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும். 'பிஎஸ்' கட்டளையால் எல்லாப் புராசஸ்களின் இந்த இரண்டு எண்களையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் முதலில் ஷெல்லின் எண்ணைப் போடுங்கள். எவருடைய தாய் எண் பட்டியலில் இருக்கிறதோ அவரைச் சேருங்கள். புதிதாகச் சேர யாரும் இல்லை என்றாகும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒரு சுற்று போதாது. எண்கள் உச்சத்தைத் தொட்டு மறுபடி கீழிருந்து வழங்கப்படும்போது பிள்ளையின் எண் தாயின் எண்ணைவிடச் சிறியதாக இருக்கலாம், பிஎஸ் தரும் வரிசையில் தாய்க்கு முன்பே வந்துவிடலாம். அப்புறம், அந்த ஷெல்லிலேயே ஓட்டினால் உங்கள் ஸ்கிரிப்டும் அது கூப்பிட்ட பிஎஸ்ஸும் பட்டியலில் வரும். அவையும் வழித்தோன்றல்கள்தானே, கழித்துவிடுங்கள்.

அமர்வையும் (பொதுவாக ஒரே டெர்மினலில் தொடங்கிய புராசஸ்களின் தொகுப்பு) கால்வழியையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஒரு புராசஸ் 'செட்சிட்' அழைத்துத் தனி அமர்வு தொடங்கினாலும் அதன் தாய் எண் மாறுவதில்லை. தனிக்குடித்தனம் போனாலும் பேரன் பேரன்தான்.

தாய் இறந்தால்தான் வழி அறும். 4388 போனதும் 4391ஐத் தத்தெடுத்தது எண் 1, அதாவது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் இனிட். சில கணினிகளில் அந்தப் பொறுப்பைப் பயனரின் புராசஸ்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி ஏற்கும். அமர்வு எண் பழையபடியே இருந்தாலும் தாய் எண் மாறிவிடுகிறது. அதன் பிறகு 4120இலிருந்து எவ்வளவு தேடினாலும் 4402 கிடைக்காது. ஆகவே வழித்தோன்றல்களின் பட்டியலை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு கில் கொடுங்கள்.