பதினொன்று பத்து

மறதிநோய் இருக்குமோ என்று சந்தேகப்படும் வீட்டுக்கு நினைவாற்றலைச் சோதிக்கும் நர்ஸ் வருகிறார் என்றால், முதல் வேலையாக எல்லோரும் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். அவர் பார்க்க வருவதில் பாதி அந்த வீட்டைத்தான். மாத்திரைப் பெட்டியில் செவ்வாய்க்கிழமைக் குழி அப்படியே நிறைந்திருப்பது, அடிபிடித்துக் கருகிய பாத்திரம், பிரிக்காமல் கிடக்கும் கடிதங்கள் இதெல்லாம் ஆஸ்பத்திரி அறையில் தெரியாது.

வந்ததும் சும்மா பேசுவதுபோல்தான் ஆரம்பிப்பார். "அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டதும் அம்மா மகளைத் திரும்பிப் பார்ப்பார். மகளுக்கு வாய்வரை பதில் வந்துவிடும். அடக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் திரும்பிப் பார்த்தலையே மருத்துவர்கள் ஓர் அறிகுறியாகக் கவனிக்கிறார்கள்.

அப்புறம் தாளும் பேனாவும். 1975-இல் வந்த எம்.எம்.எஸ்.இ., 2005-இல் வந்த மோகா இரண்டுமே நினைவையும் சிந்தனையையும் அளக்கும் 30 மதிப்பெண் சோதனைகள். மோகாவில் ஐந்து சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்வார். உடனே சொல்வது பெரிய விஷயமில்லை. நடுவே 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி மனதை வேறு பக்கம் இழுத்துவிட்டு, சுமார் ஐந்து நிமிடம் கழித்து அதே சொற்களைக் கேட்பார். புதிய நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி பழுதானால் இங்கேதான் மாட்டும். மறதிநோய்களில் ஒன்றான அல்சைமரில் முதலில் அடிபடும் பகுதிகளில் அதுவும் ஒன்று. சொல் வரவில்லையா, "அது ஒரு பூ" என்று துப்புக் கொடுத்துப் பார்ப்பார். துப்பால் வந்துவிட்டால் நினைவு உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். கொடுத்தும் வரவில்லை என்றால் அது பதியவே இல்லையோ என்று யோசிக்க வேண்டும். துப்புக்கு மதிப்பெண் கிடையாது. ஆனாலும் எனக்கென்னவோ இதுதான் முழுச் சோதனையிலும் அழகான இடம்.

இன்னொன்று கடிகாரம். வட்டம் போட்டு, எண்களை எழுதி, பதினொன்று பத்து காட்டச் சொல்வார்கள். ஏன் அந்த நேரம்? பத்து நிமிடத்துக்குப் பெரிய முள் 2-இல் நிற்க வேண்டும். 'பத்து' என்று காதில் விழுந்ததும் கை 10-ஐ நோக்கித்தான் போகும். அந்த இழுப்பை அடக்குவது மூளையின் முன்பகுதி. அது தளர்ந்திருந்தால் ஒரு முள் 11-இலும் மற்றது 10-இலும் போய் உட்கார்ந்துவிடும். எண்களெல்லாம் ஒரே பக்கம் நெருக்கியடித்து நின்றால், இடத்தைக் கணக்கிடுவதில் கோளாறு இருக்கலாம். நர்ஸுக்கு எத்தனை தவறு என்பதைவிட, எப்படித் தவறுகிறது என்பது முக்கியம்.

மதிப்பெண் குறைந்தால் உடனே மறதிநோய் என்று ஆகிவிடாது. பள்ளிப்படிப்பு குறைவு, பழகாத மொழி, மறந்து வைத்த மூக்குக்கண்ணாடி, கேட்காத காது எதுவும் மதிப்பெண்ணைத் தின்னும். மன அழுத்தம், தைராய்டு குறைவு, பி12 குறைவு ஆகியவையும் மறதிபோலத் தோற்றம் காட்டும், இவை சரிசெய்யக்கூடியவை. அதனால்தான் ரத்தப் பரிசோதனை, எல்லா மாத்திரைகளின் பட்டியல். தூக்கத்துக்கும் அலர்ஜிக்கும் கடையில் வாங்கியதையும் சேர்த்து எடுத்து வையுங்கள். சில பழைய அலர்ஜி மாத்திரைகள் வயதானவர்களைக் குழப்பிவிடும். நோய் என்னவென்று முடிவு சொல்வது பெரும்பாலும் மருத்துவர்தான். மறதிநோய்க்குக் கொடுக்கும் டொனெபெசில் மாதிரி மருந்து தொடங்கியிருந்தால் அடுத்த முறை வரும் நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்ப்பார், எடையும் பார்ப்பார். அந்த மருந்து இதயத்துடிப்பைக் குறைக்கலாம், பசியையும் கெடுக்கலாம்.

கிளம்பும் முன் வீட்டாரிடம் தனியாகப் பேசக் கேட்பார். அம்மா காதுபட வேண்டாம் என்றுதான். எப்போது தொடங்கியது, திடீரென்றா மெதுவாகவா, வழி தவறினாரா, அடுப்பை அணைக்க மறந்தாரா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ராத்திரி நீங்க எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" என்பார். சமாளித்துக்கொள்கிறோம் என்று சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள். அதையும் அவர் எழுதிக்கொள்வார்.