முதல் பட்டதாரி சான்றிதழ்: எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியதில்லை, பொறியியல் மாதிரி தொழிற்கல்வியில் சேரும் இந்தப் பிள்ளைதான் முதல் ஆள் என்றால், தமிழ்நாட்டில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010-11 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாதி பார்ப்பதில்லை, வருமான வரம்பும் இல்லை.

ஆனால் அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் கிடைத்த இடத்துக்கு மட்டும்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு, "எங்களுக்கும் வரும் என்று ஏஜென்ட் சொன்னாரே" என்று வந்து நிற்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. வராது. அக்காவோ அண்ணனோ பட்டதாரி என்றாலும், இதே சலுகையில் ஏற்கெனவே படித்தாலும், தம்பிக்குக் கிடையாது. வீட்டுக்கு ஒருவர்தான்.

அப்புறம், இந்தச் சலுகைக்குத் தேவையான முதல் பட்டதாரி சான்றிதழுக்கான விண்ணப்பம். இரு பக்கத் தாத்தா பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லோருடைய படிப்பையும் எழுத வேண்டும். எட்டாவது வரை போன அப்பாவின் டி.சி.யைக் கேட்பது சரி. கைநாட்டு வைக்கிற பாட்டியின் டி.சி. எங்கே என்று மனுவைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர் டி.சி.க்கு எந்தப் பள்ளிக்குப் போவார்? அவர் படிக்காதவர் என்பதை விண்ணப்பத்திலும் சுய உறுதிமொழியிலும் தெளிவாக எழுதிவிடுங்கள். விடுபட்ட ஒரு கட்டம் போதும், மனு திரும்பி வர.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் 60 ரூபாய். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். பதிவில் உங்கள் செல்போன் எண்தான் இருக்கிறதா என்று திரையில் பாருங்கள். சில மையங்களில் அவசரத்துக்குத் தங்கள் எண்ணைப் போட்டுவிடுவார்கள். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), மண்டலத் துணை வட்டாட்சியர் என்று மனு மேலே போகும்போது ஏதாவது விளக்கம் கேட்டால், குறுஞ்செய்தி மையக்காரருக்குப் போகும். நீங்கள் தாலுகா ஆபீஸ் திண்ணையில் காத்திருப்பீர்கள்.

பிளஸ் டூ தேர்வு முடிந்ததுமே போட்டுவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு ஊரே அங்கே நிற்கும்.

சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. பொறியியல் கலந்தாய்வுப் பதிவில் 'முதல் பட்டதாரி' என்ற இடத்தில் 'ஆம்' கொடுத்து, மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியையும் சேர்த்து ஏற்ற வேண்டும். கல்லூரியில் "அரசுப் பணம் இன்னும் வரவில்லை, முழுசாகக் கட்டுங்கள்" என்றால், சலுகையைக் கழித்துத்தான் கட்டுவேன் என்று எழுதிக் கொடுங்கள். கட்டியே தீர வேண்டிய நிலை வந்தால் ரசீதில் கல்விக் கட்டணத்தைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.