16 என்று எழுதாதீர்கள்

புதிய பேட்ச் மாணவர்கள் ஐசியூ போஸ்டிங்குக்கு வந்தால், முதல் நாள் நான் வாங்கிப் பார்ப்பது அவர்கள் எழுதிய கேஸ் ஷீட்டைத்தான். நாடித்துடிப்பு 84, 112, 96 என்று ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். ரத்த அழுத்தமும் மாறும். மூச்சு மட்டும் எல்லாருக்கும் நிமிடத்துக்கு 16. நிமோனியாவில் இளைத்துக்கொண்டு படுத்திருப்பவருக்கும் 16, தையல் பிரிக்க வந்தவருக்கும் 16. எண்ணினாயா என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்த வயதில் நானும் 16 எழுதியவள்தான். அதனால் ரொம்பத் திட்டுவதில்லை.

ஆனால் உடனே ஒரு வேலை கொடுப்பேன். போய்க் கட்டிலருகே உட்கார். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொள். மூச்சை எண்ணுவதாகச் சொல்லாதே, சொன்னால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். முழுதாக ஒரு நிமிடம் எண்ணு. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். திரும்பி வருகிறவர்கள் கொஞ்சம் வெளிறிப்போய் வருவார்கள். "34 இருக்கு மேடம். ஆனா சாச்சுரேஷன் 96 காட்டுதே?"

காட்டும். சாச்சுரேஷன் என்பது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்ற கணக்கு. நாம் கொடுக்கிற ஆக்சிஜனும் அவர் படுகிற பாடும் சேர்ந்துதான் அந்த 96. அவர் களைத்துப்போனால் எண் சட்டென்று சரியும். ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே பெரும்பாலும் மூச்சு ஏறத் தொடங்கிவிடுகிறது. இதைப் பார்க்க எந்த மெஷினும் வேண்டாம், கடிகாரம் போதும்.

நான் மயக்க மருந்து டாக்டர். 'மயக்க டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டுப் போய்விடுவார்' என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்கும் வரும்போது அந்த எண்ணம்தான். நாங்கள் எங்கேயும் போவதில்லை. தூங்க வைக்கிற மருந்துகளில் பல மூச்சையும் குறைக்கும். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்தால் மூச்சு சுத்தமாக நின்றுவிடும். அதன்பிறகு அந்த மூச்சு எங்கள் பொறுப்பு.

தியேட்டரில் மருந்து ஏற்றுவதற்கு முன் நோயாளியின் முகத்தில் மாஸ்க் வைத்து மூன்று நிமிடம் ஆக்சிஜன் கொடுப்போம். மாணவர்களுக்கு இது ஏதோ சடங்கு மாதிரித் தெரியும். அதனால் ஒரு கணக்குப் போட வைப்பேன். மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் ஏறக்குறைய 2,500 மில்லி காற்று மிச்சமிருக்கிறது. அறைக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். நுரையீரலுக்குள் போனதும் நீராவியும் கரியமில வாயுவும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் 13, 14 சதவீதம்தான் தேறும். ஆக, கையிருப்பு சுமார் 350 மில்லி. உடல் நிமிடத்துக்கு 250 மில்லி செலவழிக்கிறது. மூச்சு நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும்?

"ஒரு நிமிஷம் சொச்சம் மேடம்."

சரி, அதே நுரையீரலை முழு ஆக்சிஜனால் நிரப்பினால்? 2,000 மில்லிக்கு மேல். ஆரோக்கியமான ஒருவருக்கு எட்டு நிமிடம் வரை கிடைக்கும். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடத் தடுமாறினால் கூடுதலாகக் கிடைத்த அந்த ஏழு நிமிடம்தான் நமக்குக் கிடைத்த கடன். கர்ப்பிணி, குழந்தை, உடல் பருமனானவர் என்றால் இந்தக் கணக்கு வேகமாகக் கரைந்துவிடும். பேசிக்கொண்டே இருக்கும்போது மானிட்டரின் பீப் ஒலி சுருதி இறங்கினால், திரையைப் பார்க்காமலேயே என் கழுத்து திரும்பும். சாச்சுரேஷன் குறையக் குறைய அந்த ஒலி கட்டையாகும். இரண்டாவது வாரத்தில் சில மாணவர்களுக்கும் கழுத்து திரும்ப ஆரம்பிக்கும். அதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லாருக்கும் ஆசை, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பைப் பிடித்து டியூப் போடுவதில்தான். நான் மாஸ்க்கோடு சேர்த்துக் கையால் பிழிந்து மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கைத்தான் கையில் கொடுப்பேன். இவர்களில் பெரும்பாலோர் மயக்கவியல் நிபுணர்கள் ஆகப்போவதில்லை. ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரே ஒரு செவிலியரோடு நிற்கப்போகிறவர்கள். அங்கே டியூப் போடத் தெரியாமல் போனால்கூடச் சமாளிக்கலாம். மாஸ்க் பிடிக்கத் தெரியாவிட்டால் முடியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை அழுத்த, மீதி மூன்று விரல்கள் தாடை எலும்பைப் பிடித்து முகத்தை மாஸ்க்குக்குள் தூக்க வேண்டும். எலும்பை, கீழே உள்ள சதையை இல்லை. சதையை அழுத்தினால் நாக்கு மேலே போய் அடைத்துக்கொள்ளும். பேக்கைப் பிழிந்தால் நெஞ்சு எழ வேண்டும், அவ்வளவுதான். வேகமாகப் பிழிந்தால் காற்று வயிற்றுக்குப் போகும், அப்புறம் வாந்திதான்.

இந்த நாக்கு விஷயம் டாக்டர்களுக்கு மட்டுமல்ல. நினைவில்லாமல் மல்லாந்து கிடப்பவருக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழியை மூடும். குறட்டை போல ஒரு சத்தம் வரும். 'நல்லாத் தூங்குறார்' என்று விட்டுவிடுகிறார்கள். தூக்கமில்லை அது, அடைப்பு. நம் தெருக்களில் நடப்பது என்ன? முகத்தில் தண்ணீர், வாயில் சோடா, வலிப்பென்றால் கையில் சாவிக்கொத்து. வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேராக நுரையீரலுக்குப் போகும். மூச்சு இருக்கிறதென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாய் என்றதும் இட்லி நினைவுக்கு வருகிறது. ஒருநாள் அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் பேசிவிட்டு வந்த மாணவி, 'வெறும் வயிறு' என்று எழுதியிருந்தாள். நான் போய், "காலையிலிருந்து வாய் வழியா என்னம்மா உள்ளே போச்சு?" என்றேன். "ஒண்ணும் சாப்பிடலைங்க. ரெண்டு இட்லி, கொஞ்சம் டீ." மாணவிக்கு முகம் போன போக்கு! ஆனால் அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நம் ஊரில் சாப்பாடு என்றால் சோறு. இட்லி டிபன். டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேள்வி தப்பு, பதில் சரி. அன்றைக்கு ஆபரேஷனைத் தள்ளிவைத்தோம். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலில் இறங்கினால் இருமித் தள்ள ஆளிருக்காது. வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேர இடைவெளி போதும். இட்லி மாதிரி லேசான உணவுக்கு 6, பால் கலந்த டீக்கும் அதே 6. பிரியாணி, பூரி வகையறாவுக்கு 8. எங்களிடம் உண்மையைச் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம். (கொஞ்சம் முனகுவோம்.)

மழைக்காலத்தில் போஸ்டிங் வருகிற பேட்சுக்கு இன்னொரு பாடம் தானாக வந்து சேரும்: கட்டுவிரியன். தரையில் பாய் போட்டுத் தூங்கியவரை இரவில் கடிக்கும், வலி பெரிதாக இருக்காது, தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்று வலி, பிறகு இமை சொருகும். தூக்கம் தெளியவில்லை என்று வீட்டில் நினைப்பார்கள். விஷம் மூச்சுத் தசைகளையும் முடக்குகிறதா என்று பார்க்க, அவரை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வோம். முதலில் 28 வரை போனவர் அரை மணி கழித்து 19-இல் நின்றால், விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தாலும் வென்டிலேட்டரைத் தயார் செய்ய வேண்டும்.

வென்டிலேட்டரில் போட்டபின் அவர் கண் திறக்க மாட்டார், விரல் அசையாது. கண்பாவைகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போகலாம். பார்ப்பவர்கள் மூளைச்சாவு என்றே முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் அவருக்குக் காது கேட்கலாம், தொட்டால் தெரியலாம். அதனால் அவர் தலைமாட்டில் நின்று கேஸ் பேசக் கூடாது, 'பிழைப்பாரா மேடம்' என்று கேட்கக் கூடாது. ஒவ்வொரு வேளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மணி என்ன, இப்போது என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் மாணவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அப்படி ஒருவர் ஐந்தாம் நாள் டியூப் எடுத்ததும், கரகரத்த குரலில் முதலில் கேட்டது, "மணி சொல்ற பொண்ணு எங்க?"

போன வாரம் அடுத்த பேட்ச் வந்தது. கேஸ் ஷீட்டுகளில் 22, 18, 31 என்றிருந்தன. சீனியர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் போல. ஒன்றில் மட்டும் 16. பையனைக் கூப்பிட்டேன். "நிஜமாவே எண்ணினேன் மேடம்," என்றான், பயந்துகொண்டே. போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். 16-தான்.